எடைக் குறைப்பு ஆபரேஷன்: பத்து வருடம் கழித்து என்ன ஆகிறது என்று தேடுவது எப்படி?

எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றித் தேட உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது 'முன்பு', 'பின்பு' படங்கள்தான். அந்தப் 'பின்பு' படம் பெரும்பாலும் ஒரு வருடத்தில், மிஞ்சினால் இரண்டு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்கும். ஆபரேஷனுக்குப் பின் எடை ஆகக் குறைவாக இருக்கும் காலமும் ஏறக்குறைய அதுவேதான். கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு இருபது வருடக் குடித்தனம் எப்படி என்று சொல்வது போன்ற வேலை இது.

ஆனால் வெட்டி எடுத்த இரைப்பை திரும்ப வளராது. ஆயுள் முழுவதற்குமான ஒரு முடிவுக்கு ஒரு வருடக் கணக்கு போதாது. 5 வருடம், 10 வருடம், 15 வருடம் கழித்து என்ன ஆனது என்ற தகவல் இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. அதைக் கண்டுபிடித்துப் படிக்கும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன். மருத்துவப் படிப்பு வேண்டாம்; ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை, சதவீதக் கணக்கு தெரிந்தால் போதும். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்பது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் உள்ள விஷயம். அதில் நான் வரவில்லை.

முதலில், எந்த ஆபரேஷன்?

'பேரியாட்ரிக் சர்ஜரி' என்பது ஒரே ஆபரேஷன் அல்ல. ஸ்லீவ் என்றால் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போல ஆக்குவது. பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டி அதை இணைப்பது. பேண்ட் என்றால் இரைப்பையைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையம் போடுவது. மூன்றுக்கும் நீண்ட காலக் கணக்கு வேறு வேறு. உங்களுக்குச் சொல்லப்பட்டது எது என்று நோட்டின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர் 'ஸ்வீடிஷ் ஒபீஸ் சப்ஜெக்ட்ஸ்', சுருக்கமாக எஸ்ஓஎஸ். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வு. ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும், அவர்களோடு பல விதத்தில் ஒத்திருந்து வழக்கமான சிகிச்சை பெற்ற 2,037 பேரையும் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நீண்ட காலச் சான்று என்றால் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். சரி, அந்த 2,010 பேருக்கும் என்ன ஆபரேஷன் நடந்தது? ஏறக்குறைய 68 சதவீதம் பேருக்கு, இரைப்பையைச் செங்குத்தாகத் தைத்து வளையம் போடும் ஒரு பழைய முறை. இன்று அதை அநேகமாக யாரும் செய்வதில்லை. 19 சதவீதம் பேருக்கு பேண்ட். பைபாஸ் வெறும் 13 சதவீதம். ஸ்லீவ் ஒருவருக்கும் இல்லை. அது தனி ஆபரேஷனாகப் பரவலானதே பின்னால்தான்.

ஆகவே ஸ்லீவைப் பற்றிப் பேசும்போது 'இருபது வருட ஆதாரம் இருக்கிறது' என்று யாராவது எஸ்ஓஎஸ்ஸைக் காட்டினால், அது வேறு ஆபரேஷனின் ஆதாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தேடும் இடம்

பப்மெட் என்ற தளத்தில் தொடங்குங்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, இலவசம். ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். ஆபரேஷனின் முழு மருத்துவப் பெயரைப் போடுங்கள்: 'ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி', 'ரூ-என்-ஒய் கேஸ்ட்ரிக் பைபாஸ்' என்பது போல. அதோடு 'லாங் டெர்ம்', 'ஃபாலோ அப்', '10 இயர்' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பக்கவாட்டில் வடிகட்டும் வசதி இருக்கும். அதில் 'சிஸ்டமாட்டிக் ரிவ்யூ' என்பதை முதலில் தேர்ந்தெடுங்கள். பல ஆய்வுகளை ஒரு முறைப்படி சலித்துத் தொகுத்த கட்டுரைகள் வரும். அப்புறம் 'ராண்டமைஸ்டு கண்ட்ரோல்டு ட்ரையல்'. யாருக்கு ஆபரேஷன், யாருக்கு மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல முடிவு செய்யும் ஆய்வுகள் இவை.

நல்ல ஆய்வு ஒன்று கையில் கிடைத்துவிட்டால், இனிச் சொற்களை வைத்துத் தேடாதீர்கள். அந்த ஆய்வின் பெயரை வைத்துத் தேடுங்கள். ஒரே குழுவைப் பற்றி வெவ்வேறு ஆண்டுகளில் தனித்தனிக் கட்டுரைகள் வந்திருக்கும். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகள் 150 பேரிடம் நடந்த 'ஸ்டாம்பீட்' ஆய்வின் ஒரு வருட முடிவு 2012-லும், மூன்று வருட முடிவு 2014-லும், ஐந்து வருட முடிவு 2017-லும் வெளியாயின. முதல் கட்டுரையோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். மருத்துவ ஆய்வுகளுக்குப் பதிவு எண்ணும் உண்டு. அமெரிக்கப் பதிவேடான கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ் தளத்தில் அது 'என்சிடி' என்ற எழுத்துகளோடு தொடங்கும். அந்த எண்ணை அப்படியே பப்மெட்டில் போட்டால் அதே ஆய்விலிருந்து வந்த மற்றக் கட்டுரைகளும் பெரும்பாலும் வந்து நிற்கும். எத்தனை வருடம் பின்தொடர்வதாக முதலில் சொன்னார்கள் என்பதையும் அந்தப் பதிவில் பார்க்கலாம்.

மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுத்து வெளியிடும் காக்ரேன் லைப்ரரியையும் ஒரு நடை பாருங்கள். பெரியவர்களுக்கான எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றி 2014-ல் அவர்கள் தொகுத்தபோது 22 ஆய்வுகளே தேறின. பங்கேற்றவர்கள் மொத்தம் 1,798 பேர். அவற்றில் பெரும்பாலானவை 12, 24 அல்லது 36 மாதங்களோடு முடிந்தவை.

முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த பல ஆய்வுகள் பப்மெட் சென்ட்ரலில் முழுதாகக் கிடைக்கும். கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போட்டாலும் சில நேரம் இலவசப் பிரதி அகப்படும். கட்டுரையில் கொடுத்துள்ள முகவரிக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் அனுப்பிவைக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

மொத்தம் எத்தனை பேர், கடைசியில் எத்தனை பேர்?

இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு மருத்துவமனையில் 100 பேருக்கு ஆபரேஷன் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது வருடம் பரிசோதனைக்கு வந்தவர்கள் 40 பேர். அவர்களின் சராசரி எடைக் குறைவு 30 சதவீதம். 'பத்து வருடம் கழித்தும் 30 சதவீதம் குறைந்தே இருக்கிறது' என்று கட்டுரை சொல்லும். சொன்னது பொய்யும் அல்ல. வராத 60 பேர் எங்கே? சிலர் ஊர் மாறியிருக்கலாம், சிலர் இறந்திருக்கலாம். சிலர் எடை திரும்ப ஏறிவிட்டதே என்ற கூச்சத்தில் அந்தப் பக்கமே வராமல் இருந்திருக்கலாம். அந்த 60 பேருக்குச் சராசரி 15 சதவீதம்தான் என்றால், மொத்தக் குழுவின் சராசரி 21 சதவீதமாக இறங்கிவிடும்.

இது கற்பனைக் கணக்கு. நிஜத்தில் நிலைமை இன்னும் கொஞ்சம் சங்கடமானது. 2014-ல் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பில், குறைந்தது இரண்டு வருடம் பின்தொடர்ந்து, தொடக்கத்தில் இருந்தவர்களில் 80 சதவீதம் பேரையாவது கடைசியிலும் பார்த்த ஆய்வுகள் எத்தனை என்று சலித்தார்கள். 7,371 ஆய்வுகளைப் பார்த்ததில் தேறியவை 29. பேண்ட் பற்றி பெல்ஜியத்திலிருந்து 2011-ல் வந்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள்: 1994 முதல் 1997 வரை பேண்ட் போட்டுக்கொண்ட 151 பேரில், பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் கழித்துத் தகவல் கிடைத்தது 82 பேரிடம்தான். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பேண்டைக் கழற்ற வேண்டி வந்திருந்தது. மீதி 69 பேருக்கு என்ன ஆனது என்று அந்தக் கட்டுரையால் சொல்ல முடியாது.

நல்ல உதாரணமும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்துகொண்டவர்களைப் பன்னிரண்டு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2017-ல் வந்தது. பன்னிரண்டாவது வருடத்திலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்திருந்தார்கள். சராசரி எடைக் குறைவு இரண்டாம் வருடத்தில் 45 கிலோ, ஆறாம் வருடத்தில் 36.3 கிலோ, பன்னிரண்டாம் வருடத்தில் 35 கிலோ. கொஞ்சம் திரும்ப ஏறுகிறது, அப்புறம் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது. இப்படிப்பட்ட எண்ணை நம்பி நோட்டில் எழுதலாம்.

கட்டுரையில் இதை எங்கே தேடுவது? வரைபடத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வருடவாரியாக ஒரு எண் வரிசை இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் மிச்சம் என்பது அதில் தெரியும். முதலில் 1,500 என்று தொடங்கி கடைசியில் 60 என்று முடிந்தால், கோட்டின் கடைசிப் பகுதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'சராசரி 10 வருடக் கண்காணிப்பு' என்ற சொல்லிலும் கவனம் தேவை. எல்லாரையும் பத்து வருடம் பார்த்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. சிலரை நான்கு வருடமும் சிலரைப் பதினாறு வருடமும் பார்த்திருக்கலாம்.

எடையைப் பார்க்க ஆள் நேரில் வர வேண்டும். இறப்பைப் பார்க்க அரசுப் பதிவேடு போதும். அதனால்தான் எஸ்ஓஎஸ் ஆய்வில் இறப்புக் கணக்கு எடுத்தபோது நாலாயிரத்துச் சொச்சம் பேரில் மூன்று பேரைத் தவிர அனைவரின் நிலையும் தெரிந்திருந்தது. ஒரே ஆய்வுக்குள்ளேயே ஒரு எண்ணுக்கு இருக்கும் உறுதி இன்னொன்றுக்கு இல்லாமல் போகலாம்.

சதவீதம் எதில் சதவீதம்?

161 செ.மீ. உயரம், 120 கிலோ எடை உள்ள ஒருவர் 33 கிலோ குறைக்கிறார். மொத்த எடையில் பார்த்தால் 27.5 சதவீதம். ஆனால் பல கட்டுரைகள் 'கூடுதல் எடையில் எத்தனை சதவீதம் போனது' என்று கணக்கிடும். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25 என்பதை அளவாக வைத்தால் இவருக்கு இருக்க வேண்டிய எடை சுமார் 65 கிலோ. கூடுதல் 55 கிலோ. அதில் 33 என்றால் 60 சதவீதம். அதே ஆள், அதே 33 கிலோதான். நான் முதல் முறை தேடியபோது இந்த இரண்டு வகை எண்களையும் ஒரே பத்தியில் எழுதிவைத்து, ஒரு ஆபரேஷன் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு நல்லது என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எடை திரும்ப ஏறுவதைச் சொல்லும்போதும் இதே கதை. 120-லிருந்து 80-க்கு இறங்கி 90-க்கு ஏறினால், ஏறியது 10 கிலோ. குறைத்த எடையில் அது 25 சதவீதம். குறைந்தபட்ச எடையில் 12.5 சதவீதம், தொடக்க எடையில் 8 சதவீதத்துக்குச் சற்று மேல். எந்தக் கணக்கு என்று கட்டுரையின் 'மெதட்ஸ்' பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஓஎஸ்ஸின் எண்கள் மொத்த எடைக் கணக்கில் சொல்லப்பட்டவை. ஒன்று, இரண்டு வருடத்தில் பைபாஸ் 32 சதவீதம், பழைய தையல் முறை 25, பேண்ட் 20. பத்து வருடத்தில் அவை 25, 16, 14 ஆயின. ஆபரேஷன் செய்யாதவர்களின் எடை 2 சதவீதத்துக்குள்தான் ஏறி இறங்கியது. முறைக்கு முறை சரிவு எப்படி வேறுபடுகிறது பாருங்கள்.

சர்க்கரை 'போய்விட்டது' என்றால்

இங்கேதான் விளம்பரத்துக்கும் ஆதாரத்துக்கும் இடைவெளி மிக அதிகம் என்பது என் எண்ணம். எஸ்ஓஎஸ்ஸில் ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தவர்களில், இரண்டு வருடத்தில் 72.3 சதவீதம் பேர் மருந்தில்லாமல் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். பதினைந்து வருடத்தில் அது 30.4 சதவீதம். முதல் எண்ணை மட்டும் சொன்னால் அற்புதம். இரண்டாவதை மட்டும் சொன்னால் ஏமாற்றம். மூன்றாவதாக ஒரு எண்ணும் வேண்டும்: ஆபரேஷன் செய்யாதவர்களில் பதினைந்து வருடத்தில் அந்த நிலையில் இருந்தவர்கள் 6.5 சதவீதம்தான்.

யூட்டா ஆய்வில் பன்னிரண்டாம் வருடத்தில் 51 சதவீதம். சீட்டுக் குலுக்கிய நான்கு அமெரிக்க ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2024-ல் வெளியிட்ட முடிவில், ஆபரேஷன் குழுவில் ஏழாம் வருடத்தில் 18.2 சதவீதம், பன்னிரண்டாம் வருடத்தில் 12.7, மருந்தும் வாழ்க்கைமுறை மாற்றமும் பெற்ற குழுவில் ஏழாம் வருடம் 6.2, பன்னிரண்டில் பூஜ்யம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? நோய் எத்தனை வருடப் பழசு, இன்சுலின் போடுகிறவரா, எந்த ஆபரேஷன், 'குணம்' என்று எதைச் சொல்கிறார்கள் என எல்லாமே மாறுகின்றன. ஸ்டாம்பீடில் இலக்கு, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6 சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அதை எட்டினாலும் கணக்கில் சேரும். ஐந்தாம் வருடத்தில் அதை எட்டியவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் அறுவைக் கருவிகள் செய்யும் எத்திகான் நிறுவனமும் உண்டு என்பது கட்டுரையிலேயே இருக்கிறது. அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் யார் பணம் என்ற வரியைப் படிக்கும் பழக்கம் நல்லது.

யாரோடு ஒப்பிட்டார்கள்?

ஆயுள் கூடுமா என்பதற்கும் இதே கேள்விதான். எஸ்ஓஎஸ்ஸின் 2020-ஆம் ஆண்டுக் கட்டுரைப்படி, ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் செய்யாத குழுவைவிட மூன்று வருடம் அதிகம் வாழ்ந்தார்கள். பொது மக்களோடு ஒப்பிட்டால் ஐந்தரை வருடம் குறைவு. இரண்டும் ஒரே கட்டுரையில் இருக்கும் எண்கள். எஸ்ஓஎஸ்ஸில் சீட்டுக் குலுக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆபரேஷனைத் தேடி வந்தவர்கள் வேறு விதங்களிலும் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கலாம்.

இன்னொன்று: இந்த ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்தக் கால மருந்துகள். எடைக் குறைப்புக்கான செமாக்ளுடைட் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2021-ல்தான். ஊசியா, ஆபரேஷனா என்ற இன்றைய கேள்விக்குப் பழைய ஆய்வில் விடை தேடாதீர்கள்.

தீமைகளைத் தனியாகத் தேடுங்கள்

எடையைப் பற்றிய கட்டுரையில் பக்கவிளைவுகள் ஒரு பத்தியில் முடிந்துவிடும். ஆகவே ஆபரேஷன் பெயரோடு ஒவ்வொன்றையும் தனியாகச் சேர்த்துத் தேடுங்கள்: மறு ஆபரேஷன், நெஞ்செரிச்சல், இரும்புச்சத்து, பி12, எலும்பு முறிவு, பித்தப்பைக் கல், குடல் சிக்கிக்கொள்ளுதல், மது, மனச்சோர்வு, தற்கொலை. ஆங்கில மருத்துவச் சொல் தெரியாவிட்டால் முதலில் ஏதாவது ஒரு தொகுப்புக் கட்டுரையைத் திறந்து அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஃபின்லாந்தின் 'ஸ்லீவ்பாஸ்' ஆய்வு 240 பேரை ஸ்லீவ், பைபாஸ் என்று குலுக்கிப் பிரித்தது. பத்து வருடம் கழித்து உள்நோக்கிக் கருவியில் பார்த்தபோது உணவுக்குழாய் புண்பட்டிருந்தவர்கள் ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இது.

மது விஷயத்தில் ஒரு பாடமே இருக்கிறது. அமெரிக்காவின் 'லேப்ஸ்' ஆய்வில், மதுப் பிரச்சினை உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம்; முதல் வருடத்தில் 7.3, இரண்டாம் வருடத்தில் 9.6. ஒரு வருடத்தோடு கடையைக் கட்டிய ஆய்வின் கண்ணில் இது படவே படாது. யூட்டாவிலிருந்து 2007-ல் வந்த வேறொரு பெரிய ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்களிடையே மொத்த இறப்பு, ஆபரேஷன் செய்யாத பருமனானவர்களைவிட 40 சதவீதம் குறைவு. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் இறப்பது 58 சதவீதம் அதிகம். மனநலச் சிரமம் முன்பே உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

தேசியப் பதிவேடுகளும் உதவும். ஸ்வீடனின் எடைக் குறைப்பு ஆபரேஷன் பதிவேடு 2007 முதல் நடக்கிறது. ஆபரேஷன்களின் எண்ணிக்கை பெரிது. ஆனால் எல்லாப் பதிவேடும் நீண்ட காலத்துக்கானது அல்ல. இந்த ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைகளுக்கான அமெரிக்கத் தரச்சான்றுத் திட்டத்தின் தரவு பெரும்பாலும் முதல் 30 நாள் பாதுகாப்பைப் பற்றியது.

நோட்டில் என்ன எழுதுவது?

ஒரு ஆய்வுக்கு ஒரு வரி போதும்: ஆபரேஷன், தொடங்கியபோது எத்தனை பேர், எத்தனையாவது வருடம், அந்த வருடத்தில் எத்தனை பேர், எந்தச் சதவீதக் கணக்கு, யாரோடு ஒப்பீடு, பணம் யாருடையது. ஏழெட்டு வரி சேர்ந்ததும் எந்தக் கட்டம் அடிக்கடி காலியாக இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக அது 'அந்த வருடத்தில் எத்தனை பேர்' என்ற கட்டமாகத்தான் இருக்கும்.

இந்த நோட்டோடு மருத்துவரைப் பார்க்கப் போங்கள். 'பத்து வருடம் முன்பு நீங்கள் இதே ஆபரேஷன் செய்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் இன்றும் உங்களிடம் வருகிறார்கள்? மறு ஆபரேஷன் எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது?' என்று மரியாதையாகக் கேளுங்கள். எண் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். 'எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்' என்று பதில் வந்தால், அதையும் அப்படியே எழுதி, எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.